வீட்டுத் தையல் மிஷினில் மலைக்கு ஒரு முதுகுப்பை

மஞ்சப்பை தைக்கத் தெரிந்தவருக்கு முதுகுப்பையில் முக்கால்வாசி தெரியும். துணியைக் குழாய்போல் மூட்டுவது, அடியை அடைப்பது, வாயை மடித்து அடிப்பது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். மீதிக் கால்வாசி தோள்பட்டை, அதாவது தோளில் மாட்டும் பட்டை. அது துணியோடு சேரும் இடத்தில்தான் வீட்டில் தைத்த பைகள் பிய்கின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த இடத்தில் நிறைய நேரம் நிற்கப் போகிறேன், மற்றதில் கொஞ்சம் வேகமாகப் போவேன்.

ஏன் நாமே தைக்க வேண்டும்? கடையில் தொங்கும் பெரிய மலையேற்றப் பையை வெறுமனே தராசில் வைத்தால் ஒன்றரை, இரண்டு கிலோ காட்டும். உள்ளே கம்பிச் சட்டம், முதுகில் தடித்த பஞ்சு, எங்கு பார்த்தாலும் ஜிப். ஒருநாள் நடைக்கோ ஓர் இரவு தங்கலுக்கோ இதில் பாதிகூட வேண்டாம். அமெரிக்காவில் ரே ஜார்டின் என்ற மலையேறி 1990களிலேயே இதைத்தான் சொன்னார். ஏறக்குறைய 4,260 கி.மீ. நீளமுள்ள பசிபிக் கிரெஸ்ட் பாதையில், அவரும் மனைவியும் தாங்களே தைத்த, சட்டமில்லாத மெல்லிய பைகளோடு நடந்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கு ஏறவும், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகவும் ஒரு பை வேண்டும், அவ்வளவுதான். நான் இப்போது சுமக்கும் பை வெறுமனே 310 கிராம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பையில் சட்டம் கிடையாது, இடுப்புப் பட்டையும் கிடையாது. தண்ணீரோடு சேர்த்து 7 கிலோ வரை சுகமாகத் தாங்கும். அதற்கு மேல் ஏற்றினால் பை தாங்கினாலும் உங்கள் தோள் தாங்காது.

சாமான் வாங்குவது

இணையத்தில் தேடினால் டைனீமா, எக்ஸ்-பேக் என்று பெரிய பெயர்கள் வரும். முதல் பைக்கு அதெல்லாம் வேண்டாம். விலையுயர்ந்த துணியில் தப்பாக வெட்டினால் வயிறு எரியும். 210 டெனியர் நைலான், உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு உள்ளது, போதும். டெனியர் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் அளவு: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். குடைத்துணி மாதிரி 70 டெனியர் இன்னும் லேசுதான், ஆனால் கையில் வழுக்கிக்கொண்டே போகும், புதியவருக்கு அழுகை வரும். ஸ்கூல் பேக் தைக்கிற 600 டெனியர் கனம் அதிகம். குட்டிக் குட்டிக் கட்டங்களாகத் தடித்த இழை ஓடும் ரிப்ஸ்டாப் கிடைத்தால் இன்னும் நல்லது. முள் குத்திக் கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தைத் தாண்டி எளிதில் ஓடாது.

திருநெல்வேலியில் கடைக்காரரிடம் டெனியர் என்று ஆரம்பித்தால் ஏற இறங்கப் பார்ப்பார். “பாராசூட் துணி, உள்பக்கம் பூச்சுப் போட்டது, கொஞ்சம் கனமாக” என்று கேளுங்கள். வாங்குமுன் ஒரு மூலையைக் குழித்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் அடியில் ஈரம் தெரியாவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். 58 இன்ச் அகலத்தில் 1 மீட்டர் போதும். முதல் பை என்றால் ஒன்றேகால் மீட்டராக வாங்குங்கள்.

தோள்பட்டைக்கு உள்ளே வைக்கும் ஃபோமும், முதுகில் படும் காற்றோட்டமான நெட் துணியும் தேடி நான் டவுன் ரத வீதிகளை இரண்டு சுற்று சுற்றினேன். கடைசியில் கிடைத்தது பைக் சீட் கவர் தைக்கும் கடையில். வெயிலில் சீட் சுடாமல் இருக்கப் போடுவார்களே, அந்தத் தடித்த நெட்தான். மிச்சம் விழுந்த துண்டே நமக்குப் போதும். ஃபோமுக்குப் பழைய யோகா மேட் ஒன்றை வெட்டிக்கொண்டேன். 6 முதல் 8 மி.மீ. தடிமன் இருந்தால் சரி. பஞ்சு மெத்தை ஸ்பாஞ்ச் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடும்.

பேக் ரிப்பேர் கடையில் 20 மி.மீ. நாடா மூன்றரை மீட்டர், ஸ்கூல் பேக் பட்டையில் இருக்கும் இழுத்து இறுக்கும் அட்ஜஸ்டர் இரண்டு, இரண்டு பக்கமும் அமுக்கினால் கழலும் பக்கிள் ஒன்று. மூன்றும் ஒரே அகலமா என்று அங்கேயே நாடாவை நுழைத்துப் பார்த்துவிடுங்கள். 25 மி.மீ. அட்ஜஸ்டரில் 20 மி.மீ. நாடா நிற்காது, நடக்க நடக்க நழுவும். அப்புறம் 1 செ.மீ. எலாஸ்டிக் ஒரு மீட்டர்.

நூல் பாலியஸ்டர்தான். ஜாக்கெட் தைக்கும் பருத்தி நூலைக் கையில் சுற்றி இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறும். வியர்வையும் மழையும் பட்டால் இன்னும் சீக்கிரம் இற்றுப்போகும். நூல்கண்டின் டிக்கெட் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். வீட்டு மிஷினுக்கு 80 அல்லது 60 நன்றாக ஓடும்.

மிஷினும் ஊசியும்

காலால் மிதிக்கிற பழைய மிஷினே இந்த வேலைக்கு நல்லது என்பது என் கட்சி. மோட்டார் மிஷின் தடித்த இடத்தில் திணறும், இல்லையென்றால் பாய்ந்துவிடும். மிதிக்கிற மிஷினில் தடித்த இடம் வந்தால் காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கலாம்.

ஊசி புதிதாக இருக்க வேண்டும். நான் முதல் பையைத் தைத்தபோது தையல் விட்டுவிட்டு விழுந்தது. டென்ஷனைத் திருகினேன், பாபினை மாற்றினேன், எண்ணெய் விட்டேன். அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “ஏல, ஊசி மொட்டையாப் போச்சு, அத மாத்தாம மத்ததையெல்லாம் நோண்டுதியே” என்றாள். துணியோடு துணி மூட்டும் இடத்துக்கு 14 நம்பர், நாடா வரும் இடத்துக்கு 16 நம்பர். தையல் நீளம் 3 மி.மீ., அதாவது இன்ச்சுக்கு எட்டு. இதற்கு மேல் நெருக்கிப் போட்டால் பூச்சுத் துணி ஸ்டாம்ப் காகிதம் போல ஓட்டை வரிசையில் கிழியும்.

குண்டூசியும் குத்தாதீர்கள். பூச்சுத் துணியில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். துணி காயப்போடும் கிளிப் போதும். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். நகத்தால் அழுத்தினாலே மடிப்பு நிற்கும்.

அளவெடுத்து வெட்டுவது

தலையைக் குனிந்தால் பிடரியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். அங்கிருந்து, இடுப்பில் கை வைத்தால் கட்டைவிரல் உட்காரும் எலும்பு மட்டம் வரை இன்ச் டேப் வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். என் முதுகு 45 செ.மீ. கீழே உள்ள கணக்கும் அதற்குத்தான். பையின் அடியிலிருந்து தோள்பட்டைத் தையல் இந்த உயரத்தில் வர வேண்டும். உங்கள் முதுகு 41 என்றால் கீழ் முதுகுத் துண்டில் 4 செ.மீ. குறைத்து, மேல் துண்டில் 4 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

தைத்து முடித்த பை 28 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனம், வாயைச் சுருட்டியபின் 50 செ.மீ. உயரம். பெருக்கினால் 21 லிட்டர். ஆனால் துணிப்பை நிரம்பும்போது உருண்டையாகப் பிதுங்கும், 25 லிட்டர் வரை கொள்ளும். எல்லாப் பக்கமும் தையலுக்கு ஒன்றரை செ.மீ. சேர்த்து வெட்டும் அளவு இது:

முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் சேர்ந்த ஒரே துண்டு: 61 × 82 செ.மீ.
கீழ் முதுகு: 31 × 55.5 செ.மீ.
மேல் முதுகு: 31 × 29.5 செ.மீ.
வெளிப் பாக்கெட் துண்டு: 73 × 25 செ.மீ.
தோள்பட்டை: துணியில் இரண்டு, நெட்டில் இரண்டு, எல்லாம் 9 × 46 செ.மீ.
தோள்பட்டை ஃபோம்: 6.5 × 40 செ.மீ., இரண்டு
கீழ் நாடாவுக்குச் சதுரம்: 10 × 10 செ.மீ., இரண்டு

முதலில் நியூஸ் பேப்பரில் வெட்டி ஒட்டி, உடம்பில் வைத்துப் பாருங்கள். பேப்பருக்குச் செலவில்லை. துணியை வெட்டியதும் ஓரத்தில் பிசிறு கிளம்பும். ஊதுபத்தி கங்கை ஓரத்தில் மெதுவாக ஓட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். நாடா முனைக்கு மெழுகுவத்திச் சுடர். இந்த வேலையைத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள், நைலான் புகை மூக்குக்கு ஆகாது.

தோள்பட்டை

துணிப் பட்டையின் நல்ல பக்கத்தில் (வெளியே தெரியும் பக்கம்), நடுவாக, 55 செ.மீ. நாடாவை மேலிருந்து கீழ்வரை இரண்டு ஓரமும் அடியுங்கள். மேல்முனை பட்டையின் விளிம்போடு நிற்கட்டும். கீழே நீளும் மிச்சத்தை அட்ஜஸ்டரில் நுழைத்து மடித்து, சதுரம் போட்டு உள்ளே பெருக்கல் குறி போட்டுத் தைத்துவிடுங்கள். இந்த நாடாதான் எடையைச் சுமக்கிறது, துணியும் ஃபோமும் தோளுக்கு மெத்தை மட்டும்.

இப்போது நெட்டை அதன்மேல் நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்து, இரண்டு நீளப் பக்கமும் 1 செ.மீ. விட்டு மூட்டித் திருப்புங்கள். அட்ஜஸ்டர் உள்ளே மாட்டிக்கொள்ளும், பொறுமையாக இழுத்தால் வரும். ஃபோமை நுழையுங்கள். மேலே 3 செ.மீ. காலியாக இருக்க வேண்டும், அந்த இடத்தில்தான் ஊசி இறங்கும். கீழ்முனையை உள்ளே மடித்து அடைத்துவிடலாம்.

மேல் முதுகுத் துண்டை நல்ல பக்கம் மேலே பார்க்க மேஜையில் விரியுங்கள். இரண்டு பட்டைகளையும் அதன்மேல் படுக்க வையுங்கள். பட்டையின் காலி முனை துண்டின் கீழ் விளிம்போடு சேர வேண்டும், பட்டை மேல்நோக்கிப் படுத்திருக்க வேண்டும். நாடா தைத்த பக்கம் துணியைத் தொட, நெட் உங்களைப் பார்க்க. தலைகீழாகத் தோன்றும். ஆனால் பட்டை தோளுக்கு மேல் வளையும்போது உங்களைப் பார்க்கும் பக்கம்தான் தோளில் படும். நான் ஒருமுறை மாற்றி வைத்துத் தைத்து முழுவதையும் பிரித்தேன். இரண்டு பட்டைக்கும் நடுவே 6 செ.மீ. இடைவெளி, அந்த இடைவெளியில் 20 செ.மீ. நாடாவை மடித்துத் தூக்குவதற்கு ஒரு காது.

இதன்மேல் கீழ் முதுகுத் துண்டை, நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்துக் கிளிப் போட்டு மூட்டுங்கள். விரித்தால் பட்டைகள் தையலிலிருந்து மேல்நோக்கிக் கிளம்பியிருக்கும்.

இதோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். என் முதல் பையை இப்படி ஒற்றைத் தையலோடு விட்டு, தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்தேன். ஏறக்குறைய 60 கி.மீ. பாதை. செய்துங்கநல்லூர் தாண்டி, ஸ்ரீவைகுண்டமும் தாண்டி, ஆழ்வார்திருநகரியில் டீ குடித்துவிட்டுப் பையை ஒரு கையால் வீசித் தோளில் போட்டேன். டர்ரென்று ஒரு சத்தம். வலது பட்டை கையோடு வந்தது. மிச்சத் தூரத்தைத் துண்டால் முடிச்சுப் போட்டுத்தான் நடந்தேன். ஊர் திரும்பி ஒரு பேக் ரிப்பேர் அண்ணாச்சியிடம் காட்டினால் அவர் சிரிக்கவில்லை. “தம்பி, நடக்கும்போது பிய்யாது. வீசிப் போடுதீங்க பாருங்க, அப்பத்தான் பிய்யும். ஒரு வரி தையல்ல அம்புட்டு எடையும் நிக்கணும்னா எப்படி? உள்ள ஒரு நாடா குடுங்க” என்றார்.

அவர் சொன்னதைத்தான் இப்போது செய்யப் போகிறோம். துண்டைத் திருப்பி, உள்பக்கத்தில் தையல் விளிம்புகள் எல்லாவற்றையும் கீழ்நோக்கி மடியுங்கள். அவற்றின் மேல் 31 செ.மீ. நாடாவைக் குறுக்காக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வைத்து, மேலோரம் ஒரு வரி, கீழோரம் ஒரு வரி அடியுங்கள். அப்புறம் ஒவ்வொரு பட்டைக்கு நேராகவும் மூன்று வரி முன்னும் பின்னுமாக. பழைய மிஷினில் பின்தையல் இல்லையென்றால் துணியைத் திருப்பித் திருப்பி ஓட்டலாம். ஊசி 16 நம்பர், சக்கரம் கையால். இப்போது எடை ஒரு வரியில் நிற்காமல் முதுகின் முழு அகலத்துக்கும் பரவுகிறது. இந்த ஒரு மணி நேரத்தில் அவசரப்படாதீர்கள்.

வெளிப் பாக்கெட்

ஒரே துண்டில் மூன்று பாக்கெட் வரும். இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில், நடுவே தலை துவட்டும் துண்டும் முறுக்குப் பொட்டலமும். 73 செ.மீ. நீளப் பக்கத்தில் மேலே இரண்டரை செ.மீ. மடித்து அடித்து, உள்ளே 61 செ.மீ. எலாஸ்டிக்கை நுழைத்து இரண்டு முனையிலும் பிடித்துத் தையுங்கள். 61 × 82 செ.மீ. பெரிய துண்டில் கீழ் விளிம்பிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் சாக்பீஸ் கோடு. பாக்கெட்டைத் தலைகீழாக, நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து அந்தக் கோட்டில் தைத்து மேலே புரட்டுங்கள். அகலம் கூடுதலாக இருக்கும், அதைக் கோட்டிலேயே சின்னச் சின்னக் கொசுவமாக மடித்துக்கொள்ளுங்கள். பிரிக்கும் தையல் பெரிய துண்டின் இரு ஓரத்திலிருந்தும் 16.5 செ.மீ., பாக்கெட் துண்டில் அதற்கு நேர் இடம் 20.5 செ.மீ. அந்தத் தையலின் மேல்முனையை மூன்று முறை கெட்டிப்படுத்துங்கள், பாட்டிலை இழுக்கும்போது அங்கேதான் பிரியும்.

பையாக மூட்டுவது

10 செ.மீ. சதுரத்தைக் குறுக்காக மடித்து மறுபடி ஒரு மடிப்பு மடித்தால் சின்ன முக்கோணம் வரும். வெட்டு முனைகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்திருக்கும். கூர்முனையிலிருந்து உள்ளே 50 செ.மீ. நாடாவின் ஒரு முனையைச் செருகி அடியுங்கள். இரண்டு முக்கோணத்தையும் முதுகுத் துண்டின் இரு ஓரத்தில், அடியிலிருந்து 9 செ.மீ. மேலே, வெட்டுப் பக்கம் விளிம்போடு சேர வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதுகையும் பெரிய துண்டையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, இரண்டு நீளப் பக்கமும் மூட்டினால் குழாய். தோள்பட்டைகளையும் நாடாக்களையும் குழாய்க்குள் சுருட்டிக் கட்டிவிடுங்கள், தையலில் மாட்டிக்கொண்டால் பிரிக்கிற பாடு உங்களுக்கு. அரை செ.மீ. தள்ளி இரண்டாவது வரி ஒன்று ஓட்டுங்கள். நேரமிருந்தால் விளிம்பைக் கிராஸ் துணியால் பைப்பிங் மாதிரி மூடலாம். எனக்குப் பொறுமை இல்லை, ஊதுபத்தியோடு விட்டுவிட்டேன். மூன்று வருடமாகப் பிரியவில்லை.

அடி இப்படித்தான். பெரிய துண்டில் இரண்டு மூட்டுத் தையலிலிருந்தும் 7.5 செ.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள், அதுதான் பக்கவாட்டின் நடு. அந்தப் புள்ளிகள் இரண்டு மூலையாக வரும்படி குழாயைத் தட்டையாக்கி, அடியை நேராக ஒன்றரை செ.மீ. விட்டு இரண்டு வரி அடியுங்கள். பிறகு மூலையைப் பிரித்து முக்கோணமாக நிறுத்தி, கூர்முனையிலிருந்து 7.5 செ.மீ. உள்ளே குறுக்கே ஒரு தையல். அந்தத் தையல் 15 செ.மீ. நீளம் இருந்தால் கணக்குச் சரி. அடி வைத்த மஞ்சப்பையை அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று திரும்பக் கொண்டுவந்தபோது எங்கள் தெருவில் தைத்த பெண்கள் எல்லாரும் இதே மூலையைத்தான் போட்டார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வாயை இரண்டரை செ.மீ. மடித்து அடித்து, பக்கவாட்டின் நடுவில் ஒரு பக்கம் பக்கிளின் ஆண், மறுபக்கம் பெண். சாமான் வைத்ததும் வாயை மூன்று சுற்றுச் சுருட்டி, இரண்டு முனையையும் வளைத்துப் பூட்டினால் மூடி தயார். கீழ் நாடாவைத் தோள்பட்டை அட்ஜஸ்டரில் கோத்துவிட்டால் பை முடிந்தது.

மழையும் காடும்

துணி தண்ணீர் விடாது, ஊசி ஓட்டை விடும். ஆடிச் சாரலில் மாஞ்சோலைப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றால் உள்ளே ஈரம் நிச்சயம். பலர் பெரிய பிளாஸ்டிக் கவரை உள்ளே விரிக்கச் சொல்வார்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் சோதனைச் சாவடியில் அதை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள், அதுதான் நியாயமும். மிச்சத் துணியிலோ குடைத்துணியிலோ இதே சுருட்டு வாயோடு ஒரு உள்பை தைத்து, மாற்றுத் துணியை அதற்குள் வையுங்கள்.

பை தயாரானதும் நேராகக் காட்டுக்குள் கிளம்பிவிடாதீர்கள். காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நடப்பது குற்றம். வனத்துறை 2024 அக்டோபரில் மாநிலமெங்கும் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்திருக்கிறது, அந்த வழியில் போங்கள். 1,868 மீட்டர் அகத்தியர் மலை உச்சிக்குக் கேரளத்தில் உள்ள போனக்காடு என்ற இடத்திலிருந்து ஏற கேரள வனத்துறையிடம்தான் பதிய வேண்டும்.

அடுக்குவது

சட்டமில்லாத பைக்குச் சாமானே சட்டம். படுக்கிற ஃபோம் பாயை நான்காக மடித்து முதுகுப் பக்கம் செருகினால் பை விறைப்பாக நிற்கும், பாத்திரம் முதுகில் குத்தாது. ஊர்ப்பாசத்தில் பத்தமடைப் பாயை வைத்துப் பார்த்தேன். கோரை மடிப்பில் ஒடிந்ததுதான் மிச்சம், அதைச் சுருட்டத்தான் வேண்டும். கனமானது முதுகை ஒட்டி நடுவில், லேசானது அடியில்.

முதல் சோதனை வீட்டிலேயே. 10 கிலோ அரிசியைப் போட்டு, தூக்கும் காதில் இல்லாமல் இரண்டு தோள்பட்டையிலும் கம்பு கோத்து ஓர் இரவு தொங்க விடுங்கள். காலையில் குறுக்கு நாடாத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி ஓட்டைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் இன்னும் இரண்டு வரி போடுங்கள். அப்புறம் 5 கிலோவோடு தாமிரபரணிக் கரையிலோ கூந்தன்குளம் பறவைகளைப் பார்க்கப் போகும் வழியிலோ இரண்டு மணி நேரம் நடங்கள். கழுத்தோரம் அறுக்கிறதா, அக்குளில் உரசுகிறதா என்று அப்போதுதான் தெரியும். கீழ் நாடாவில் தொங்கும் மிச்சத்தை இந்த நடைக்குப் பிறகு வெட்டுங்கள். அதையும் ஒட்ட வெட்டாமல் ஒரு சாண் விடுங்கள், மார்கழியில் ஸ்வெட்டர் போட்டால் வேண்டியிருக்கும்.